ரேஷன் ரொட்டியை எடை போட்டவள்

கியூபாவில் பிளசேத்தாஸ் ஊர் அரசு மருந்துக்கடையில் பொடிகளை நிறுத்துப் பொட்டலம் கட்டுவது இடால்மிஸின் வேலை. இருபத்தாறு வருடத்தில் அது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. கையில் எது கிடைத்தாலும் தராசில் வைத்துவிடுவாள். தினமும் ஆளுக்கொன்றாகக் கிடைக்கும் ரேஷன் ரொட்டி மட்டும் தப்புமா? எண்பது கிராம் இருக்க வேண்டியது அறுபதைத் தாண்டுவதே அபூர்வம். வயிறு எரியாதா?

நாட்டை விட்டுப் போன நாலு பேர் வெளியிலிருந்து நடத்தும் இணையப் பத்திரிகைக்கு, பெயர் போடாமல், தினமும் அந்த எடையைக் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பினாள். உள்நாட்டில் யாரும் திறந்து படிக்க முடியாதபடி அரசு அந்தப் பத்திரிகையை முடக்கியிருந்தது. முடக்கத்தைத் தாண்டும் வித்தைக்கு அவளுடைய ஓட்டைக் கைப்பேசி மசியவில்லை. பிறரிடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அனுப்புவதைப் போடுகிறார்களா, குப்பையில் தள்ளுகிறார்களா? இரண்டு வருடமாக அதை யோசித்தே மண்டை காய்ந்தது.

ஒரு வியாழக்கிழமை, போலீஸ் நிலையத்துக்கு வரச்சொல்லிச் சீட்டு வந்தது. மாட்டினால் வேலை போய்விடும். பயந்துகொண்டேதான் போனாள். ஓஸ்மெல் என்ற இளம் அதிகாரி உட்காரச் சொன்னான்.

“ரொட்டி எடையை அனுப்புறது யாரு தோழர்? கிராமுக்குக் கீழயும் புள்ளி வச்சுல்ல கணக்கு வருது. வீட்டுத் தராசுல அப்படி வராதே.”

“எனக்கென்ன தெரியும் தம்பி? ரொட்டி கைக்கு வந்தா வாய்ல போட்டுக்குவேன். எடை போடுற வரைக்கும் எவ பசி தாங்குவா?”

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. தப்பித்தோம் என்று எழுந்தாள்.

“இதையும் பார்த்துட்டுப் போங்க” என்று அச்செடுத்த தாள்களை நீட்டினான்.

அந்தப் பத்திரிகைதான். ‘இன்றைய ரொட்டி’ என்ற தலைப்பின் கீழ் முதல் பெயர் பிளசேத்தாஸ். அடேயப்பா! அதற்கடுத்து கைபரியேன், மொரோன், பானேஸ் என்று கியூபாவின் அந்தக் கோடி வரை நாற்பது ஊர்கள். முகம் தெரியாத எத்தனை பேர் தராசைத் தூக்கியிருக்கிறார்கள்! தான் ஒருத்திதான் தனியாக மாரடிக்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தாள். சந்தோஷத்தில் கண் கலங்கியது. பயம் போன இடம் தெரியவில்லை. மறுபடி உட்கார்ந்து, விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள்.

“ஐயையோ, செவ்வாய்க்கிழமை தப்பா போட்டிருக்காங்களே! அறுபத்தெட்டு இல்ல, அம்பத்தெட்டு புள்ளி நாலு!”

ஓஸ்மெல் பேனாவைத் திறந்தான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். கை மட்டும் தாளை விடவில்லை.

“வேலைதான் போயிருச்சு. மிச்சப் பக்கத்தையாவது படிச்சுட்டுத் தர்றேன், இருங்க தம்பி.”