எல்லாரும் ஒரே பேஸில்

சாயங்காலமானால் புவனகிரியில் எங்கள் தெருவுக்கு ஒரு மயக்கம் வரும். வேலைக்குப் போனவர்கள் திரும்பிவந்து பேட்டரி ஸ்கூட்டர்களைச் சார்ஜில் போடுவார்கள். பல்புகள் மஞ்சளாகி, பிறகு சிவந்து, வீடெல்லாம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் தெரியும். ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம். என் பங்குக்கு ஒரு எலக்ட்ரிக் ஆட்டோ.

அந்தக் கோடையில் என் மனைவிக்கு நிறைமாதம். வலி எடுத்தால் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு என் ஆட்டோதான். அன்று சவாரி ஜாஸ்தி. வண்டியில் சார்ஜ் சுத்தமாக இல்லை. சார்ஜரைச் சொருகினேன். அவள் தலைக்குமேல் ஃபேன் நின்றே போனது, வண்டியிலும் ஒன்றும் ஏறவில்லை.

வோல்டேஜ் குறைந்தால் எங்கள் பக்கம் பேஸ் மாற்றுவோம். கம்பத்திலிருந்து வரும் மூன்று லைனில் எது நன்றாக இருக்கிறதோ, மீட்டர் பக்கத்துச் சுவிட்சை அதற்குத் திருப்பினால் போதும். திருப்பினேன். பல்பு பளிச்சென்றது. எதிர்வீட்டு மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "நடு பேஸ் சூப்பரா இருக்குடோய்!" என்று தெருவுக்கே கத்தித் தொலைத்தார். வீட்டுக்கு வீடு டக் டக்கென்று சுவிட்ச் திரும்பியது. நடு பேஸும் படுத்துவிட்டது.

"அடப் பாவிங்களா, வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று வாசலில் நின்று கத்தினேன்.

மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். "நீ ஏன் மாமா கத்துற? எல்லாரும் ஒண்ணுலயே ஏறுனா அது என்னா பண்ணும்?" என்றவள், தெருவைப் பார்த்து, "எனக்கு லேசா வலிக்குது. வண்டில சார்ஜே இல்ல" என்றாள்.

ஒவ்வொரு வீடாக ஸ்கூட்டர் ஒயரைப் பிடுங்கினார்கள். பல்பு மெல்ல மெல்ல வெளுத்தது. ஃபேன் காற்றில் அவள் கண்ணயர்ந்தாள். நான் அவளையும் சார்ஜரில் மினுக்கிய பச்சை விளக்கையும் மாறி மாறிப் பார்த்தபடி, விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

விடியும்போது வலி கூடிவிட்டது. அவளை ஏற்றிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு வந்தேன். பஸ் ஸ்டாப்பில், சாப்பாட்டுப் பையும் கையுமாக எங்கள் தெரு ஆட்கள் கடலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். ராத்திரி யாருமே ஸ்கூட்டரைத் திரும்பச் சொருகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை அறியாமல் பிரேக்கில் கால் போனது.

எதிர்வீட்டு மச்சான் கையை வீசி விரட்டினார். "யோவ், இங்க எதுக்கு நிறுத்துற? போய்யா, போ!"