கோட்டையில் சொல்லாத பதில்

நாகம்மாளுக்கு வாய் அதிகம். காட்டூரில் மீனைக் கொடுத்து நெல் வாங்கும்போது யாராவது மரக்காலைத் தலைதட்டி அளந்தால், அங்கேயே அவர்கள் மானத்தை வாங்கிவிடுவாள். புருஷன் பொன்னுரங்கம் நேர்மாறு. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான்.

அந்தப் பொன்னுரங்கத்தின் வலது கை ஒரே காலையில் போய்விட்டது. பழவேற்காட்டில் ஒல்லாந்து வெள்ளைக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம். ஆதிநாராயணச் செட்டியின் துணிப்பொதிகளைப் படகில் கொண்டுபோய்க் கடலில் நிற்கும் கப்பலில் ஏற்றுவது எங்கள் குப்பத்து ஆட்களின் வேலை. பொதியை மேலே தூக்கும்போது கயிறு அறுந்தது. விழுந்த பொதிக்கும் படகின் விளிம்புக்கும் நடுவில் கை கூழாகிவிட்டது. வைத்தியன் மணிக்கட்டோடு எடுத்துவிட்டான். நாகம்மாள் கத்தவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

படகும் கயிறும் செட்டியுடையவை. கயிறு இற்றுப்போயிருக்கிறது என்று படகுத் தலைவன் சின்னதம்பி முன்பே செட்டியிடம் சொல்லியிருக்கிறான். "இந்த ஒரு நடை ஓட்டு" என்றாராம் செட்டி. சின்னதம்பி வேறு யாருமில்லை, நாகம்மாளின் கூடப்பிறந்த தம்பி. அவனே அக்காவிடம் அழுதுகொண்டு சொன்ன சேதி இது.

கோட்டையில் வெள்ளைக்காரர் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி ஞானதாஸிடம் ஓடினாள் நாகம்மாள்.

"விசாரணையில கேக்கறது மூணுதாம்மா. காயம் இன்னா, யாரு தப்பு, யாரு பாத்தாங்க. செட்டி தப்புனு நின்னுச்சுனா, உன் புருஷன் உயிரோட இருக்கறவரைக்கும் உன் வூட்டுக்கு அவருதான் அரிசி போடணும்."

"நிக்கலேன்னா?"

"ஒண்ணும் கிடையாது."

வெட்டுண்ட கை இருக்கிறது. இற்ற கயிறு இருக்கிறது. சாட்சிக்குத் தம்பி இருக்கிறான். இதில் தோற்க என்ன இருக்கிறது என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

விசாரணையில் வெள்ளைக்கார அதிகாரி காயத்தைப் பார்த்தார். பிறகு துபாஷி கேட்டார்: "யாரு தப்பு?"

பொன்னுரங்கம் நிமிர்ந்து நின்றான். "யாரு தப்பும் இல்ல. என் நேரம்."

அட கடவுளே! தண்ணீரில் அடிபட்டுப் பிழைத்தவனை நாலு பேர் நடுவில் கேட்டால், எங்கள் குப்பத்தில் அவன் இதைத்தான் சொல்ல வேண்டும். கூட வந்தவன்மேல் பழி போட்டால் அப்புறம் அந்தப் படகில் ஒருத்தரும் ஏறமாட்டார்கள். உடனே படகுத் தலைவன், "உன் நேரம் இல்ல, என் தப்பு" என்று ஏற்றுக்கொள்வான். இரண்டும் சேர்ந்தால்தான் அது பேச்சு. பொன்னுரங்கம் தன் பாதியைச் சொல்லிவிட்டு மச்சானைப் பார்த்தான்.

சின்னதம்பி எதிரே நின்ற செட்டியைப் பார்த்தான்.

"சொல்லுடா! வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று நாகம்மாள் கத்தினாள். காவல்காரன் அவளை அதட்டினான்.

"கயிறு எப்படி இருந்துச்சு?" என்று துபாஷி அவனிடம் நேராகவே கேட்டார்.

"நான் பாக்கல."

பார்க்கவில்லையாம்! எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடிபட்டவனே யார் தப்பும் இல்லை என்கிறான், சாட்சி எதையும் பார்க்கவில்லை, ஆகவே வழக்குத் தள்ளுபடி என்று அதிகாரியின் தீர்ப்பைத் துபாஷி சொன்னபோது நாகம்மாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எழவே இல்லை. இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு வந்தோம்.

கரைக்கு வந்ததும், படகு ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் சின்னதம்பி பொன்னுரங்கத்தின் காலில் விழுந்தான்.

"மாமா, உன் நேரம் இல்ல. என் தப்பு."

எல்லோருக்கும் மூச்சு வந்தது. முறை முடிந்தது. இனி படகில் ஏறலாம்.

"இத்த அங்க சொல்றதுக்கு இன்னாடா கேடு உனக்கு?" என்றாள் நாகம்மாள்.

"அங்க சொன்னா செட்டி படகப் புடுங்கிப்பாருக்கா. உன் வூட்டுக்குச் சோறு நான் போடறேன்."

"நீயா? உன் வூட்ல அடுப்பு எரியறதே ஒரு வேளை!"

பொன்னுரங்கம் இடது கையால் அவனைத் தூக்கி நிறுத்தினான். முதுகில் தட்டியும் கொடுத்தான். கை போன மனுஷன், கை போக விட்டவனைத் தேற்றுகிறான். நாகம்மாள் புருஷனையே வெறித்துப் பார்த்தாள்.

"உனக்குத்தான் அவன் சொல்லிட்டான். எனக்கு 'என் தப்பு'ன்னு யாருய்யா சொல்லுவா?"

பொன்னுரங்கம் திரும்பி, இடது கையால் படகைத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டான். செட்டியின் பொதிகளோடு படகு கிளம்பியது.