ஒரே சட்டிக் குழம்பு

யாரும் ஏறாத நேரம் பார்த்து லிஃப்டின் இரும்புக் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, கால்சட்டைப் பையிலிருந்து கொஞ்சம் கடலையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார் பெருமாள்சாமி. மசாலாவும் உப்பும் தூக்கலாக இருக்கும், பெங்களூரில் காங்கிரஸ் கடலை என்று விற்கிற கடலை. மென்று முடித்து, உதட்டைத் துடைத்த பிறகுதான் கதவு திறக்கும். வெளியே காத்துச் சலித்த எங்களிடம், "ஒந்து நிமிஷா சார், லிஃப்டுக்கும் மூச்சு வாங்குது" என்பார்.

எங்கள் அலுவலகத்தில் இருபது வருடமாக லிஃப்ட் ஓட்டுகிறார். காக்கிச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். கன்னடக்காரரிடம் கன்னடம், கேன்டீன் சாய்புவிடம் உருது, எங்களிடம் தமிழ். யாருக்கு என்ன நோய் என்று விசாரித்து மருந்து சொல்வார். தன் நோயைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்.

தொண்ணூற்றாறில் நெஞ்சுவலி வந்தபோது உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து ஸ்ரீராம்புரத்து வீட்டில் அவர் மனைவி ராஜலக்ஷ்மி குழம்பில் உப்புப் போடுவதில்லை. தனக்கென்று தனியாகவும் வைத்துக்கொள்வதில்லை. அவர் பார்க்கத் தான் மட்டும் ருசியாகச் சாப்பிடுவதா என்று ஊறுகாயையும் அப்பளத்தையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவரும் முகம் சுளிக்காமல் சாப்பிட்டு எழுந்துவிடுவார். "நமக்குத்தான் வெளியில இருக்குதே சார்" என்று ஒருமுறை என்னிடம் சிரித்தார்.

போன மாதம் அவருக்குக் கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. பிரஷரைப் பார்த்த டாக்டர் ராஜலக்ஷ்மியைத்தான் பிடித்துக்கொண்டார். சமைக்கிறவள் நீ, இப்படி உப்பை அள்ளிப் போட்டால் அவர் உயிருக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்.

"இல்ல டாக்டர், ஒரே சட்டிக் குழம்புதான். அவருக்கு இன்னாவோ அதான் எனக்கும்."

எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்று டாக்டர் மருந்து எழுதத் தொடங்கினார். அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்களாவது சொல்லுங்களேன்." அவர் தன் வீங்கிய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவள் யோசித்தாள். தெரு போர்வெல் தண்ணீர் கரிக்கிறதே, அதுதான் காரணமாக இருக்கும் என்று முடிவுக்கு வந்தாள். மறுநாளிலிருந்து நாலு தெரு தள்ளிப்போய் நல்ல தண்ணீர் பிடித்து வந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை உடம்பு விசாரிக்க அவர் வீட்டுக்குப் போனேன். ராஜலக்ஷ்மி உள்ளே வேலையாக இருந்தாள். அவர் குரலைத் தாழ்த்தி இதையெல்லாம் சொன்னார்.

"கொடத்த இடுப்புல வச்சினு மூச்சு வாங்க வரா சார். அதுக்கு மேல முடியல. கடலைய பத்திச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"திட்டியிருந்தா பரவால்ல. 'டாக்டராண்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல'ன்னு கேட்டா. அவ்ளோதான். அப்புறம் பேசவே இல்ல."

அதற்குள் சாப்பாடு வந்தது. மூன்று தட்டுகளிலும் ஒரே குழம்பு. பெருமாள்சாமி எழுந்து அலமாரியிலிருந்து புதிய உப்புப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். முதலில் எனக்கு ஒரு சிட்டிகை வைத்தார். பிறகு மனைவியின் தட்டில் பரவலாகத் தூவினார். அவள் தடுக்கவில்லை, நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

விரலில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தார். கொல்லைக் குழாய்க்குப் போய்க் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, தன் தட்டின் முன் உட்கார்ந்தார்.