என் நாட்காட்டியைப் படித்தவர்

கணினிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் தாங்கி இருந்தது. காலையில் பிம்ப்ரி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் கைப்பேசியை அதில் செருகி வைப்பேன். திரையில் இரண்டு பச்சை அம்புகள் சுற்றும். வாடிக்கையாளர்களின் எண்கள், சந்திப்பு நேரங்கள் எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல ஆகிவிடும். இரண்டாயிரங்களின் நடுவில் அது எங்களுக்குப் பெரிய வசதி. எது எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை.

கல்யாணமாகிப் பல ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாததால் அப்போது அதே நகரின் ஔந்து பகுதியில் ஒரு மருத்துவமனையில் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தேன். கோவையிலிருந்த இரு வீட்டாருக்கும்கூட அது தெரியாது. மறந்துவிடக் கூடாதென்று ஊசி போடும் நாளையும் ஸ்கேன் நாளையும் கைப்பேசி நாட்காட்டியில் குறித்து வைத்தேன்.

எங்கள் மேலாளர் அந்த மராத்தி ஊரிலேயே, பக்கத்துக் கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழர், அதிகம் பேசமாட்டார். அந்த மழைக்காலத்தில் அவர் என்னை அடிக்கடி வெளியே அனுப்பத் தொடங்கினார். "ஔந்துல அந்த கஸ்டமரைப் பாத்துட்டு அப்படியே வீட்டுக்குப் போயிடும்மா." முதலில் என் நல்ல நேரம் என்றுதான் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது: மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாட்களில் மட்டுமே அப்படி அனுப்புகிறார்.

அன்றிலிருந்து யாரையும் நம்ப முடியவில்லை. மேசையில் கிடக்கும் கைப்பேசியை யாரோ எடுத்துப் பார்க்கிறார்கள் என்று கழிப்பறைக்கும் கையோடு கொண்டுபோனேன். நான் இல்லாத நேரத்தில் என் வாடிக்கையாளர்களை வேறொருவருக்குக் கொடுத்து, மெல்ல என்னை வெளியேற்றப் பார்க்கிறாரோ என்றும் பயந்தேன். சாங்வியில் எங்கள் வீட்டில் கணவரையும் விடவில்லை. "நீங்க யாருகிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டேன். அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

கடைசியில், இல்லாத ஒரு ஸ்கேனைக் கைப்பேசியில் வேண்டுமென்றே குறித்து வைத்தேன். குறித்த அந்த நாள் மதியம் மேலாளர் வந்து நின்றார். "ஔந்துக்கு ஒரு வேலை இருக்கும்மா."

"இன்னிக்கு எனக்கு ஆஸ்பத்திரி இல்லைங்க சார். சும்மா போட்டுப் பாத்தேன்."

அவர் முகம் வெளுத்துவிட்டது. தன் அறைக்கு அழைத்துப்போய்க் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். வாடிக்கையாளர் சந்திப்புகளுக்கு நடுவே என் ஊசிகளும் ஸ்கேன்களும் வரிசையாக இருந்தன.

"அரே, நீ ஃபோன்ல போடறதெல்லாம் இங்க ஆபீஸ் பொதுக் காலண்டர்ல வருதும்மா. முதல் நாளே பாத்துட்டேன். மத்தவங்க கண்ணுல படாம உடனே மூடச் சொல்லிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லலைங்க?"

"படிச்சேன்னு எப்படிம்மா சொல்றது?"

"உங்க கண்ணுலயும் படாம மூடச் சொல்லியிருக்கலாமே?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்புறம் உன்னை என்னிக்கு அனுப்பறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

என்னைக் காப்பாற்றிய அதே மனிதர், என் உடம்பின் கணக்கையெல்லாம் மாதக்கணக்கில் படித்தும் இருக்கிறார். நன்றியும் கூச்சமும் கோபமும் ஒன்றாக வந்தன. அன்றே எல்லாக் குறிப்புகளையும் அழித்தேன். இன்றும் ஏதாவது செயலி என் தொடர்புகளைப் பார்க்க அனுமதி கேட்டால் விரல் தானாக 'வேண்டாம்' பக்கம் போகிறது. அவர் மீதான சந்தேகம் மட்டும் முழுதாகத் தீர்ந்ததா என்று எனக்கே தெரியவில்லை.

மறுவருடம் மருத்துவர் நல்ல செய்தி சொன்னார். அதை நான் எதிலும் குறிக்கவில்லை. சில வாரங்கள் கழித்து நானாகவே அவர் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"நிஜமாவே எனக்குத் தெரியாதும்மா!" என்றார், அவ்வளவு சந்தோஷமாக.