கண் மருந்தும் தவளை இருதயமும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் விலங்கியல் சோதனைக்கூடத்தில் உதவி ஆசிரியனாக இருந்தேன். நரம்பு தன் செய்தியை எப்படிக் கடத்துகிறது என்பது அப்போது பெரிய சச்சரவு. மின்சாரம் தாவுகிறது என்றனர் சிலர். நரம்பின் நுனியில் ஏதோ ரசம் கசிகிறது என்றனர் வேறு சிலர். எங்கள் பேராசிரியர் மின்சாரக் கட்சி. கப்பலில் தாமதித்து வந்த ஒரு சஞ்சிகையில் ரசத்துக்கான சோதனையைப் படித்துவிட்டு, செய்துபார்க்கத் துணிந்தேன்.

இரண்டு வயல் தவளைகளின் இருதயங்களைத் தனித்தனியே உப்புநீரில் துடிக்கவிட வேண்டும். முதல் இருதயத்தின் நரம்பில் மின்சாரம் கொடுத்தால் துடிப்பு தளரும். அதை நனைத்த நீரை எடுத்து இரண்டாவதன்மேல் விட வேண்டும். அதுவும் தளர்ந்தால் ரசம் உண்மை.

ஆறு முறை செய்தேன். இரண்டாவது இருதயம் தளரவே இல்லை.

"நான் அப்பவே சொன்னேம்லா வேய்? மின்சாரமாக்கும்" என்றார் பேராசிரியர்.

மனம் ஆறவில்லை. பழைய சஞ்சிகைகளைத் துழாவினேன். அந்த ரசம் கசிந்ததும் அழிந்துவிடும், நம் ஊர் வெக்கையில் இன்னும் சீக்கிரம். எசரின் என்ற மருந்து கலந்தால் அழியாமல் நிற்கும் என்று ஒரு கட்டுரையில் இருந்தது. அந்த மருந்துக்கு எங்கே போவது? சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினேன். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் கண் வார்டு நர்ஸ்.

"எசரினா? கண்ணுல அழுத்தம் கூடினவங்களுக்கு தெனமும் நான்தானே விடுதேன்!" என்றாள். "தவளைக்குன்னு சொன்னா டாக்டர் சிரிப்பாரு. கேட்டுப் பாக்குதேன்."

டாக்டர் சிரித்தாராம், ஆனால் கொடுத்தார்.

சனிக்கிழமை காலை அவளும் கூட வந்தாள். உப்புநீரில் மருந்தைக் கலந்து, முதல் இருதயத்தின் நரம்பைத் தூண்டி, நீரை இரண்டாவது இருதயத்தின்மேல் விட்டேன். நாலைந்து துடிப்பு வழக்கம்போல. பிறகு தயங்கியது. இரண்டு துடிப்புக்கு நடுவே நீண்ட இடைவெளி. அவள் என் தோளைப் பிடித்தாள்.

திங்களன்று பேராசிரியர் முன்னால் மறுபடி செய்தேன். தளர்ந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"மருந்தே தளர வச்சிருந்தா?"

நியாயமான கேள்வி. எனக்கே முதலில் தோன்றியிருக்க வேண்டும், வெட்கமாக இருந்தது. அதே மருந்து கலந்த நீரில், நரம்பைத் தூண்டாமலே முதல் இருதயத்தைத் துடிக்கவிட்டு, அந்த நீரை இரண்டாவதற்கு விட்டேன். சொல்லும்படியாகத் தளரவில்லை.

பேராசிரியர் வெகுநேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"தள்ளும் வேய். இந்தத் தடவ நான் செய்யுதேன்."