தட்டிப் பார்த்து வாங்கிய ஜீப்பு

போன வியாழக்கிழமை என் அத்தான் வீட்டு வாசலில் ஒருவர் ஜீப்பின் பானெட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தார். டங்... டங்...

விலைக்குக் கேட்டு வந்தவர். "நல்ல கனம்" என்று அவரே சொல்லி அவரே தலையாட்டிக்கொண்டார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பானெட்டை இதே மாதிரி தட்டித்தான் அத்தானும் இதை வாங்கினார்!

அத்தான் என்றால் என் அக்காள் வீட்டுக்காரர் சோலையப்பன். அவருக்குக் காரைக்குடியில் மரக்கடை. தேக்கு மரத்தை முட்டியால் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, உள்ளே கெட்டியா பொத்தலா என்று சொல்லிவிடுவார். அதில் அவரை ஏமாற்ற இன்னொருவன் பிறக்க வேண்டும். ஆனால் தேக்குக்குக் கியர்பாக்ஸ் கிடையாதே?

பட்டாள ஏலத்தில் எடுத்த வண்டி என்று மதுரைத் தரகர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். அத்தான் நாலு இடத்தில் தட்டினார். நாலாயிரத்தை எண்ணிக் கொடுத்தார். ஓட்டிப் பார்க்கவில்லை.

"மலை ஏறுன வண்டி மச்சான்" என்றார் என்னிடம். வாஸ்தவம்தான். ஏறி இறங்கி, இனிமேல் முடியாது என்று உட்கார்ந்த பிறகுதான் ஏலத்துக்கே வந்திருக்கிறது.

மறுவாரமே மெக்கானிக் ராவுத்தரின் ஷெட்டுக்குப் போனோம். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"எப்படி ராவுத்தரே?"

"தகரம் நல்லாருக்கு செட்டியாரே."

"மத்ததெல்லாம்?"

"தகரம் நல்லாருக்கு செட்டியாரே."

கிளட்ச் பிளேட்டில் ஆரம்பித்தது. அதை மாற்றினால் கியர்பாக்ஸில் பல் போனது. அதைச் சரி செய்தால் பின் ஆக்ஸில். நடுவில் டைனமோ, ரேடியேட்டர், பிரேக். செல்ஃப் எடுக்காது என்பதால் எங்கே போனாலும், உருட்டிவிட்டுக் கிளப்ப வசதியாக மேட்டில் நிறுத்த வேண்டும். காரைக்குடியில் மேட்டுக்கு எங்கே போவது? மூன்றாவது கியர் தானாகக் கழன்று வரும் என்று லீவரைத் துண்டால் சீட்டோடு கட்டி ஓட்டினோம்.

ராவுத்தர் ஒரு நாள் சொன்னார்: "ஒரு சாமானைப் புதுசாப் போட்டா பக்கத்துல இருக்கற பழசுக்குப் பொறுக்க மாட்டேங்குது. சம்பந்தி வீடு மாதிரி!"

ஆஹா! இப்படி ஒரு பேச்சுக்காக ரிப்பேர் பில்லை நானே கொடுக்கலாம் என்று தோன்றியது. கொடுக்கவில்லை. அதற்குள் வண்டி விலையை ரிப்பேர் தாண்டியிருந்தது.

பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான் – 'இந்த ஒரு வேலையைப் பார்த்துட்டா அப்புறம் செலவே இல்லை.' அந்த ஒரு வேலை எது என்று கண்டுபிடித்தவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

போன வருஷம் ஆவணியில் அத்தான் மகளுக்குச் சொந்த ஊரான ஒக்கூரில் கல்யாணம். எங்கள் நகரத்தார் கல்யாணத்தில் பெண் வீட்டுக் கோயில், மாப்பிள்ளை வீட்டுக் கோயில் இரண்டிலிருந்தும் மாலை வந்தாக வேண்டும். பந்தல், மேளம், பந்தி எல்லாம் தயாராக இருந்தாலும் கோயில் மாலை வராவிட்டால் தாலி ஏறாது. பெண் வீட்டு மாலையைக் கோயில் ஆள் சுப்பையா கொண்டுவருவார். வருஷக்கணக்காகப் பஸ்ஸில்தான் வருகிறார். ஒரு நாளும் பிந்தியதில்லை.

அத்தானுக்குப் பொறுக்குமா? "நம்ம வீட்டு மாலை நம்ம ஜீப்புலதான் வரணும்!"

ஓட்டத் தெரிந்த பாவத்துக்கு விடிந்ததும் நான் கோயிலுக்குப் போனேன். ஒன்பது மணிக்கு முகூர்த்தம். சுப்பையா மாலைக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். பாதி வழியில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் ஒழுகல். ராவுத்தர் சொல்லிக் கொடுத்தபடி கண்மாய்த் தண்ணீரை மொண்டு ஊற்றி, ஒரு பொட்டலம் மஞ்சள்பொடியும் போட்டேன். ஒழுகல் நின்றது. நூறடி போனதும் வண்டியும் நின்றது.

தள்ளலாம் என்றேன். சுப்பையா இறங்கினார். கூடையை மட்டும் இறக்கவில்லை.

"கோயில் மாலை தரையில படப்படாதுங்கய்யா. நீங்க தள்ளுங்க. நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

தள்ளினேன். ஜீப்பு நகர்ந்தது, நான் தள்ளிய தூரம் மட்டும். மணி எட்டேகால். பந்தலில் அந்தப் பிள்ளை புடவை கட்டித் தயாராக இருக்கும். இங்கே அவள் மாலை வெயில் ஏறும் ரோட்டில் நிற்கிறது. சுப்பையா கூடையை இடுப்பிலிருந்து தலைக்கு மாற்றிக்கொண்டார்.

"ஏஞ்சாமி, பேசாமப் பஸ்ஸுலயே வந்துருப்பேன்ல? என்னைய எதுக்குங்கய்யா கவுரவப்படுத்துனீக?"

தூரத்தில் பஸ் தெரிந்தது. நடு ரோட்டில் போய்க் கையை விரித்து நின்றுவிட்டேன். டிரைவர் திட்ட வாயைத் திறந்தவர் கூடையைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். நெரிசலில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள் – எனக்கல்ல, மாலைக்கு.

முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒக்கூரில் போய் இறங்கினோம். வாசலிலேயே நின்ற அத்தான் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"ஜீப்பு எங்க?"

உள்ளேயிருந்து அக்காள் குரல் வந்தது. "மாலை வந்துருச்சா? அப்ப வாய மூடிக்கிட்டு உள்ள வாங்க. அது எங்குட்டுக் கெடந்தா என்ன!"

ஜீப்பு அன்று சாயங்காலம் ஊர் வந்து சேர்ந்தது, மாட்டு வண்டிக்குப் பின்னால், கயிற்றில். அதன் பிறகும் ஒரு வருஷம் அத்தான் 'இந்த ஒரு வேலை' பார்த்தார். போன மாதம்தான் விற்க மனசு வந்தது.

ஆக, வியாழக்கிழமைக்கு வருவோம். தட்டி முடித்தவர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க ஓட்டிருப்பீக. வண்டி எப்படி?"

அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொன்னால் வந்தவர் பாவம். நிஜம் சொன்னால் அக்காள் வீட்டில் எனக்குக் காபி கிடைக்காது.

"வீட்டுல கல்யாணம் ஏதும் வச்சிருக்கீகளா?" என்றேன்.

"ஆமா, மகளுக்குத் தை மாசம். அதுக்காகத்தான் பாக்குறேன்."

"தகரம் நல்லாருக்கு" என்றேன். "மாலையை மட்டும் பஸ்ஸுல வரச் சொல்லிருங்க."