மூடுபனிக்குள் ஒரு கை

1

போட்டோகிராபி கோர்ஸ் முடிய ஒரு மாதம் இருந்தது. நெகடிவ் ஸ்பேஸ் என்ற பித்து எனக்குத் தலைக்கேறியிருந்தது. ஃபிரேமில் பொருள் கொஞ்சம், வெறுமை நிறைய. கரமனையில் எங்கள் தெருவில் அதற்கு வழியே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாமியோ ஒரு ஸ்கூட்டரோ குறுக்கே நிற்கும். அதனால் காலை பஸ்ஸில் வித்துரா வழியாக மலையடிவாரக் கல்லாறு போய் இறங்கினேன்.

ஒரே மூடுபனி. சாலை, மரம், எதிரே இருந்த டீக்கடை எல்லாம் பாலில் கரைந்த மாதிரி இருந்தன. ஆற்றின் இரைச்சல் மட்டும் காதை நிறைத்தது. வியூஃபைண்டரில் கண்ணை வைத்ததும் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோனது. அவ்வளவு சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் வெறுமை வேண்டும் என்று ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து கிளிக் செய்தேன். பஸ் ஹாரன் கேட்டதும் ஓடிப்போய் ஏறிவிட்டேன்.

2

ஓரத்தில் கம்பம் மாதிரி ஒரு கோடு, மற்றதெல்லாம் பனி. அந்த ஒரு படத்தைப் பார்த்து, "கொள்ளாம்! எக்ஸிபிஷனுக்கு இது மதி, இது போதும்" என்றார் மலையாளி எடிட்டிங் சார். ஆளுக்கு ஒரு படம்தான் வைக்கலாம். அதைப் பார்த்துத்தான் ஸ்டூடியோக்காரர்கள் வேலைக்குக் கூப்பிடுவார்கள். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பிரிண்ட் போடுமுன் கொஞ்சம் கான்ட்ராஸ்ட் வரட்டும் என்று கம்ப்யூட்டரில் பனிமூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடரை வலப்பக்கம் இழுத்தேன். பனி மெல்ல விலகியது. கம்பம் என்று நான் நினைத்திருந்தது ஒரு பெண். கேமராவை நோக்கி உள்ளங்கையை விரித்து நீட்டியிருந்தாள். வாய் திறந்திருந்தது.

படம் எடுக்காதே என்கிறாள். ஸ்லைடரை இடப்பக்கம் தள்ளினேன், மறைந்துவிட்டாள். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எனக்குத் தெரியுமே! அன்று முழுக்க அவளை வரவழைப்பதும் மறைப்பதுமாக உட்கார்ந்திருந்தேன்.

3

மறுநாள் பிரிண்டோடு கல்லாறு போனேன். அவள் அந்த எதிர் டீக்கடைக்காரி. போனக்காடு எஸ்டேட் தமிழ்க் குடும்பம்.

"அக்கா, நீங்க வேண்டாம்னு சொன்னது அன்னைக்கு எனக்குத் தெரியல. இந்தப் படத்தை வச்சுக்கட்டுமா, அழிச்சிடட்டுமா?"

படத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "படத்துக்கா மோளே? பின்னால போவாதே, போவாதேன்னு தொண்டை கிழிய விளிச்சேன். ஆத்துச் சத்தத்துல உனக்குக் கேட்டாத்தானே! நான் ஓடி வரதுக்குள்ள பஸ் வந்துட்டு, நீயும் போயிட்டே."

கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்த இடத்தைக் காட்டினாள். சாலையோரச் சுவர் அங்கே இடிந்து கிடந்தது. கீழே பாறை, அதற்கும் கீழே வெள்ளம்.

"இன்னும் ஒரு அடிதான் பாக்கி இருந்துச்சு" என்றாள். நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் டீ கொண்டுவந்து கொடுத்தாள்.

அவளிடம் கேட்டுக்கொண்டு, அவள் தெளிவாகத் தெரியும் படத்தையே எக்ஸிபிஷனில் வைத்தேன். "நல்ல படத்தைக் கெடுத்தல்லோ" என்று சார் வருத்தப்பட்டார். எந்த ஸ்டூடியோவும் என்னைக் கூப்பிடவில்லை. வேலை கிடைக்க இன்னும் ஒரு வருடம் ஆனது.

இப்போது எங்கள் ஸ்டூடியோவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பின்னால் நகருமுன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பிப் பாருங்கள். ஃபிரேமில் ஒன்றுமே இல்லை என்று தோன்றினால் இன்னொரு தடவை பாருங்கள். ஒன்றுமே இல்லை என்று நான் மயங்கி நின்ற அந்த வெறுமைக்குள் ஒருத்தி என் உயிருக்காகக் கத்திக்கொண்டிருந்தாள்.